திருத்தத்துக்குத் திருத்தம்

ஜனவரி 27, திங்கள்

தம்பி குமரவேள் திண்டிவனத்தில் வீடு கட்டியிருக்கிறான். புதுமனை புகுவிழா அழைப்பிதழ் இன்று தபாலில் வந்தது. மூலையில் மஞ்சள் தடவி, என் பெயரை 'அண்ணன்' என்று உள்ளே அச்சடித்திருக்கிறான். நேரில் வந்து கொடுக்கத்தான் ஆளில்லை போலிருக்கிறது. அவன் அண்ணி சுலோசனா படித்துவிட்டுப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

"பிப்ரவரி ஒன்பது, ஞாயித்துக்கிழமை. போயிட்டு வந்துடலாம்."

"நீ மட்டும் போயிட்டு வா."

"அப்ப நானும் போகலை."

"போக வேணாம்னு நான் சொல்லலையே. ரெண்டு பேரும் போகலாம். விழாவுக்கு வேணாம். அடுத்த மாசம் ஒரு நாள், கூட்டம் இல்லாதப்ப."

"கூட்டம் இல்லாதப்ப போறதுக்குப் பேரு விசேஷமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். மூத்தவன் நான் இருக்கிறேன். அன்று பேரவையில் மானியக் கோரிக்கை மீது வாக்கெடுப்பு. முடிந்தவுடன் கிளம்பிவிட்டேன். அரை மணி நேரம் காத்திருக்க அவனால் முடியவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது.

ஜனவரி 28, செவ்வாய்

கூட்டத்தொடரின் முதல் நாள். ஆளுநர் உரை. மேசையில் உட்கார்ந்து முதுகு வலி.

பேரவைத் தலைவரின் ஆசனத்துக்குக் கீழே லாடம் போல ஒரு மேசை உண்டு. செயலாளரும் நாங்கள் இரண்டு மூன்று அதிகாரிகளும் அங்கே உட்காருவோம். தலைவருக்கு விதியில் சந்தேகம் வந்தால் குனிந்து கேட்பார். நாங்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். அதை அவர் தம்முடைய தீர்ப்பாக வாசிப்பார். பதினெட்டு வருடமாக நான் எழுதிய வாக்கியங்கள் வேறு குரல்களில் ஒலிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரசியல் அறிவியலில் முதல் வகுப்பில் தேறியவனுக்கு இது போதுமா என்று யாரும் கேட்டதில்லை.

நான் துணைச் செயலாளர், தீர்மானங்கள் பிரிவு. செயலாளர் கோகுலநாதன் என்னிடம் வேலை கற்றவர். நான்கு வருடம் இளையவர். இன்று காலை மின்தூக்கியில், "ஜூன்ல இணைச் செயலாளர் இடம் காலியாகுது. உங்க பேரைத்தான் நினைச்சிட்டிருக்கேன், சார்," என்றார். நினைத்துக்கொண்டிருக்கிறார். நல்லது.

ஜனவரி 30, வியாழன்

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, தனி உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரும் நாள். குலுக்கலில் முதலாவதாக வந்தது அமராவதி என்பவருடையது. எதிர்க்கட்சி. முதல் தடவை தேர்ந்தெடுக்கப்பட்டவர். தீர்மானத்தை இங்கே எழுதி வைக்கிறேன்:

"கரடியாற்று நீர்த்தேக்கத்தால் துண்டிக்கப்பட்ட மேல்படுகை முதலான ஏழு மலைக் கிராமங்களுக்கு, அரசு இரண்டு ஆண்டுகளுக்குள் பாலம் கட்ட வேண்டும் என இப்பேரவை பரிந்துரைக்கிறது."

சுத்தமான வாக்கியம். திருத்த எனக்கு ஒன்றுமில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

விஷயம் தெரிந்ததுதான். அணை கட்டியபோது பழைய சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. இன்றுவரை அங்கே பரிசல்தான். போன ஐப்பசியில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த பரிசல் காற்றில் கவிழ்ந்தது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் போய்விட்டார்கள். பத்திரிகைகளில் இரண்டு நாள் வந்தது.

தீர்மானம் கொண்டுவந்திருக்கும் அமராவதி யார் என்று பிரிஸில்லாதான் சொன்னாள். பிரிஸில்லா என் பிரிவின் அலுவலர், நாகர்கோவில்காரி, வாய் சும்மா இருக்காது.

"சென்னப்பனோட மகளாக்கும் சார்."

சென்னப்பன். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த சீட்டைத் தலைவர் வாசித்தபோது எழுந்து நின்று, என்னை விரலால் காட்டி, "அங்க உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை சொல்றதைக் கேட்டுத்தான் இந்தச் சபை நடக்கணுமா?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் சிரித்தது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து சிரித்த நாள் அபூர்வம். மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பதில் பேச உரிமை இல்லை. அந்த வாக்கியத்தை அவைக் குறிப்பிலிருந்து தலைவர் நீக்கச் சொன்னார். எனக்கு உதவி என்று நினைத்திருப்பார். அதனால் அப்படி ஒன்று நடந்ததற்கே சாட்சியம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த வருடம் கோகுலநாதனுக்குப் பதவி உயர்வு வந்தது.

பிப்ரவரி 1, சனி

கேஸ் சிலிண்டர் வரவில்லை. சுலோசனா மின்சார அடுப்பில் குழம்பு வைத்தாள். அது சரியாகக் கொதிக்கவில்லை என்று சொன்னேன். "உங்களுக்கு எதுதான் சரியாக் கொதிச்சிருக்கு?" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அமராவதியின் தீர்மானத்துக்கு ஆளும் கட்சியிலிருந்து மூன்று திருத்தங்கள். எதை அனுமதிக்கலாம், எதைத் தள்ளலாம் என்று குறிப்பு எழுதுவது என் வேலை.

முதலாவது: 'இப்பேரவை' என்பதற்கு முன்னால் உள்ள அனைத்தையும் நீக்கி, அரசின் சாலைத் திட்டங்களைப் பாராட்டும் நாலு வரியைச் சேர்க்க வேண்டும். திருத்தம் என்பது தீர்மானத்தின் பொருளுக்குள் நிற்க வேண்டும். பாலம் கேட்டவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது திருத்தம் ஆகாது. தள்ளினேன்.

இரண்டாவது: 'கட்ட வேண்டும்' என்பதைக் 'கட்ட வேண்டியதில்லை' என்று மாற்ற வேண்டும். எழுதியவர் மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர்! தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தால் என்ன விளைவோ அதே விளைவை மட்டும் தரும் திருத்தம் செல்லாது. வேண்டாமென்றால் வாக்கெடுப்பில் 'இல்லை' என்று சொல்லுங்கள். அதற்குத் திருத்தம் எதற்கு? இதையும் தள்ளினேன்.

மூன்றாவது பொதுப்பணித் துறை அமைச்சருடையது. 'இரண்டு ஆண்டுகளுக்குள் பாலம் கட்ட வேண்டும்' என்பதற்குப் பதிலாக, 'பாலம் கட்டுவதன் சாத்தியக்கூறு குறித்து ஆராயலாம்.' விவரம் தெரிந்தவர் எழுதியது. பொருளுக்குள் நிற்கிறது, மறுப்பாகவும் இல்லை. உயிரை எடுத்துவிட்டு உடம்பை அப்படியே வைத்திருக்கிறது. உயிர் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. அனுமதித்தேன்.

கோகுலநாதன் படித்துவிட்டு, "பெர்ஃபெக்ட் சார்," என்றார். மூன்றாவதை எழுதிக் கொடுத்தது அவராக இருக்கலாம். நடை என்னுடையது. கற்றுக் கொடுத்தவன் நான் அல்லவா.

வீட்டில்: திண்டிவனத்துக்கு ஒரு பரிசுப்பொருளைக் கூரியரில் அனுப்பலாம் என்று சொன்னேன். சுலோசனா என்னையே பார்த்தாள். "போக மாட்டேன்னு நேராச் சொல்லிடுங்க. தினம் ஒரு வழி கண்டுபிடிச்சு அதைச் சொல்லாதீங்க."

அவளுக்கு விதிகள் தெரியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மதியம் அமராவதி என் அறைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, கையில் விதிப்புத்தகம். அதில் நிறைய இடங்களில் பேருந்துச் சீட்டுகளைச் செருகி அடையாளம் வைத்திருந்தார். அவர் அப்பாவின் நெற்றி. நான் எழுந்து வணக்கம் சொன்னேன். எதிர் நாற்காலியில் கோப்புகள் இருந்தன. அதனால் அவர் நின்றபடியே பேசினார்.

"அமைச்சர் திருத்தத்தைப் பார்த்தேன் சார். ஓட்டுக்கு விட்டா அது ஜெயிச்சிடும். அவங்ககிட்ட ஆள் இருக்கு. சரிதானே?"

"சரி."

"ஜெயிச்சா, 'ஆராயலாம்'னு தீர்மானம் நிறைவேறிடும். அப்புறம் நான் மறுபடியும் பாலம் வேணும்னு தீர்மானம் கொண்டு வரலாமா?"

"அதே பொருள்ல ஒரு வருஷத்துக்குக் கொண்டுவர முடியாது."

"அதுக்குள்ள இன்னொரு மழைக்காலம் வந்துடும்." கொஞ்சம் யோசித்தார். "நான் தீர்மானத்தையே வாபஸ் வாங்கிட்டா?"

"வெள்ளிக்கிழமை உங்க பேரைக் கூப்பிடும்போது எழுந்து கொண்டுவராம இருக்கலாம். அது உங்க உரிமை. ஆனா கொண்டுவந்து, அமைச்சர் திருத்தத்தைத் தலைவர் அவை முன்னாடி வெச்சுட்டாருன்னா, அந்தத் திருத்தம் முடிவாகிற வரைக்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெற முடியாது."

"அதாவது, வாயைத் திறந்தா மாட்டிக்குவேன். திறக்கலைன்னா ஒண்ணுமே நடக்கலை."

"விதி அப்படித்தான்."

கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் கொடுத்தேன். உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கட்சி சேர்ந்தது போலாகும். இது விதிப்புத்தகத்தில் இல்லை. மேசையின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எனக்குச் சொன்னது. நான் கோகுலநாதனுக்குச் சொன்னது.

கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "அப்பாதான் உங்களைப் பார்க்கச் சொன்னார். அவருக்கு இப்ப ஞாபகம் போயிடுச்சு சார். சில நாள் என்னையே யாரும்மா நீன்னு கேட்பார். சபையைப் பத்திப் பேசினா மட்டும் கொஞ்சம் வரும். 'மேசையில ஒருத்தர் இருக்கார், அவருக்கு மட்டும்தான் விதி தெரியும், அவர்கிட்ட போய்க் கேள்'னார். பேர் வரலை. உயரமா, கண்ணாடி போட்டு, சிரிக்காம இருப்பார்னார். வெளியில அந்த அம்மாகிட்ட கேட்டேன், உங்க ரூமைக் காட்டினாங்க."

அவைக் குறிப்பில் அந்த வாக்கியம் இல்லை. சொன்னவருக்கும் நினைவில் இல்லை. இனி அது இருக்கும் ஒரே இடம் நான்தான்.

"வேறே ஏதாவது கேட்கணுமா?" என்றேன்.

கதவருகே நின்று திரும்பினார். "என்ன கேட்கணும்னு தெரியலையே சார்," என்றார்.

நான் கோப்பை எடுத்துப் பிரித்தேன். அவர் போய்விட்டார்.

பிப்ரவரி 5, புதன்

காலையிலேயே பிரிஸில்லா வந்து நின்றாள்.

"அந்த அம்மாட்ட துணைத் திருத்தம் பத்திச் சொன்னீங்களா சார்?"

அமைச்சரின் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் கொடுக்கலாம். அதைத்தான் கேட்டாள். திருத்தத்துக்குத் திருத்தம் வந்தால் அதுதான் முதலில் வாக்கெடுப்புக்குப் போகும். அமைச்சரின் 'ஆராயலாம்' என்பதை எதிர்க்காமல், அதன் வாலிலேயே ஒரு கெடுவைக் கட்டிவிடலாம். கெடுவை எதிர்க்க வேண்டுமென்றால், ஆராயவே மனமில்லை என்று அமைச்சர் எழுந்து சொல்ல வேண்டியிருக்கும். முன்னறிவிப்புக்கு நாளை மாலை வரை நேரம்.

"கேட்கலை," என்றேன்.

"கேட்கத் தெரிஞ்சா அவங்க எதுக்கு சார் நம்ம ரூமுக்கு வாராங்க?"

"உன் வேலையைப் பார்."

"பாத்துட்டுதான் இருக்கேன்." கோப்பை மேசையில் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். "போட்டோ பாத்தீங்களா சார், அந்தப் பரிசல்? ஒரு முறத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணினா மாதிரி இருக்கு. அதுல நிறைமாசத்துக்காரி."

நான் வழக்கத்தை மீறவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். சென்னப்பனின் மகள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமைச்சரே வந்திருந்தாலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லியிருப்பேன்.

மாலையில் கோகுலநாதன் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை அது ஸ்மூத்தா போயிடணும் சார். மேலே கேட்டாங்க. ஜூன் விஷயத்தையும் நான் அப்படியே மேலே சொல்லியிருக்கேன்."

இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் கமாகூட இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மாலை ஐந்து மணி வரை புதிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஐந்தரை வரை இருந்து பார்த்தேன். சிலிண்டர் வந்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் மேசைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. போகிற வழியில் மின்சார ரயிலில் எழுதியது. முன்கூட்டியே சீட்டு எழுதிக்கொள்வது என் பழக்கம்தான். எல்லா விவாதத்துக்கும் செய்வேன். அதனால் இதற்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை.

பார்வையாளர் மாடத்தில் நாலைந்து பேர் புதிதாக உட்கார்ந்திருந்தார்கள். மேல்படுகையிலிருந்து வந்தவர்கள் என்று காவலர் சொன்னார். ஓர் இளைஞன் மட்டும் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கம்பியைத் தொடக் கூடாது என்று காவலர் சொன்னதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஐப்பசியில் போன பெண்ணின் கணவனாம்.

அமராவதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். எழுந்தார். தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கத்தவில்லை, அழவில்லை. மேல்படுகையிலிருந்து ஒரு மூட்டை ராகி சந்தைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று சொன்னார். அணையில் தண்ணீர் ஏறும்போது பள்ளிக்கூட ஆசிரியர் வர மாட்டார். இறங்கும்போது சேற்றில் பரிசல் போகாது, அப்போதும் வர மாட்டார் என்றார். ஆளும் கட்சிப் பக்கமே அமைதியாகக் கேட்டது.

பிறகு அமைச்சர் எழுந்து, மிகுந்த அனுதாபத்தோடு தம் திருத்தத்தைக் கொண்டுவந்தார். தலைவர் அதை அவை முன் வைத்தார். கதவு சாத்தியாகிவிட்டது. இனி அமராவதியால் திரும்பப் பெற முடியாது.

பதிலுரைக்குத் தலைவர் அவரைக் கூப்பிட்டார். அமராவதி விதிப்புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

"தலைவர் அவர்களே, செவ்வாய்க்கிழமை பேரவை அலுவலரிடம் போய்ச் சில கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னார். கேட்டதற்கு மட்டும் சொன்னார். நல்ல அலுவலர் அப்படித்தான் இருப்பார் என்று என் அப்பா சொல்வார். அன்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்குக் கேட்கத் தெரியாத கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் கடைசியில் அவர், 'வேறு ஏதாவது கேட்க வேண்டுமா' என்று கேட்டிருக்க மாட்டார். அந்தக் கேள்வியையும் அதற்கான பதிலையும் தாங்களே கேட்டுச் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்தை வைத்துக்கொண்டே என் மக்களுக்கு ஏதாவது செய்ய விதியில் வழி இருக்கிறதா?"

"அப்பனைப் போலவே கொக்கி போடுதுப்பா!" என்று ஆளும் கட்சியில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பக்கமும். இந்த முறை யாரும் என்னைப் பார்க்கவில்லை.

தலைவர் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு கோகுலநாதனிடம் குனிந்தார். "அப்படி ஒண்ணும் இல்லைங்கய்யா. ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றார் கோகுலநாதன். நான் இரண்டடி தள்ளி இருந்தேன். தெளிவாகக் கேட்டது.

தலைவர் வயதானவர். நாலு சபை பார்த்தவர். நிமிரவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அருள்நம்பி, இருக்கா, இல்லையா?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

சீட்டைக் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார், என் வாக்கியம், அவர் குரலில்: "அவை முன் வைக்கப்பட்டுள்ள திருத்தத்துக்கு எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டுவரலாம். முன்னறிவிப்பு கொடுக்காவிட்டாலும் தலைவர் அனுமதிக்கலாம். அனுமதிக்கிறேன். அம்மா, உங்கள் திருத்தம் என்ன?"

அமராவதி மூடி வைத்த விதிப்புத்தகத்தின் மேல் கையை வைத்தார். எழுதி வைத்திருந்தது எதுவும் அவரிடம் இல்லை. நான் பேனாவை மூடினேன், திறந்தேன். 'எப்போது' என்று கேட்டால் போதும், 'எப்போது' என்று கேள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்திலிருந்த சுருக்கெழுத்தாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அமைச்சர் ஆராயட்டும்," என்றார் அமராவதி மெதுவாக. "'ஆராயலாம்' என்பதற்குப் பின்னால், 'அந்த அறிக்கையை ஆறு மாதத்துக்குள் இப்பேரவை முன் வைக்க வேண்டும்' என்று சேர்க்க வேண்டுகிறேன்."

அமைச்சர் கோகுலநாதனைப் பார்த்தார். கோகுலநாதன் மேசையைப் பார்த்தார். பிறகு அமைச்சர் மாடத்தைப் பார்த்தார். அந்த இளைஞன் மறுபடியும் கம்பியைப் பிடித்திருந்தான். இந்தத் தடவை காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

"அரசு ஏற்கிறது," என்றார் அமைச்சர்.

முதலில் திருத்தத்துக்குத் திருத்தம். பிறகு திருத்தம். பிறகு திருத்தப்பட்டபடி தீர்மானம். மூன்று தடவையும் 'ஆம்' மட்டும்தான் கேட்டது.

பாலம் இல்லை. பாலம் பற்றிய ஓர் அறிக்கை. அதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மகிழ இதில் ஒன்றுமில்லை. வரும் வழியில் சுலோசனாவுக்குக் கதம்பம் வாங்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

திண்டிவனம். என் பழைய யோசனைகளை எல்லாம் வாபஸ் வாங்குவதாக நேற்றுச் சொன்னேன். "பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு," என்றாள் சுலோசனா. அனுமதி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

புதுமனை புகுவிழா என்றால் விடியற்காலையில் முடிந்துவிடும்; அழைப்பிதழில் நேரம் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது ஒன்பதரை. வாசலில் பந்தல் அப்படியே இருக்க, சொந்தங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பால் இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

குமரவேள் என்னைப் பார்த்து, "வாண்ணா," என்றான். தலை நரைத்துவிட்டது. "பத்து மணி முகூர்த்தத்தைத்தான் எடுத்தேன். நீ லேட்டாத்தான் வருவேன்னு தெரியும்."

சொல்லிக் காட்டுகிறான். ஊர் முன்னால் சொல்லிக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பால் பொங்கும்போது புகை கண்ணில் பட்டது. வெகு நேரம் எரிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

எதிர்பார்த்ததுதான். நிர்வாக நலன் கருதி அச்சுப் பிரிவுக்கு மாற்றம். கீழ்த்தளம். கோகுலநாதன் ஆணையைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் சார்."

"நீங்க கேட்கலையே," என்றேன்.

பிரிஸில்லா என் பெட்டியைத் தூக்க ஆள் அனுப்பினாள். பெட்டியின் மேல் ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸ் இருந்தது.

ஜூன் 18, புதன்

இணைச் செயலாளர் பதவி வேறு ஒருவருக்கு. பெயரை எழுத விரும்பவில்லை. கீழ்த்தளத்தில் மழைநீர் கசிகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

நாளைய அலுவல் பட்டியலின் அச்சுப்படி பிழை பார்க்க வந்தது. பேரவை முன் வைக்கப்படும் ஏடுகளில் ஐந்தாவது: 'கரடியாறு நீர்த்தேக்கத்தின் குறுக்கே பாலம் அமைத்தல், சாத்தியக்கூறு அறிக்கை.' ஆறு மாதம் முடிகிற அன்றுதான் வைக்கிறார்கள். கடைசி நாள் வரை இழுப்பார்கள் என்று தெரியும். இழுத்தாலும் வைத்தாக வேண்டும் என்பதும் தெரியும். பிழை எதுவும் இல்லை. இருந்தும் அந்த வரியை மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதியம் கீழ்த்தளத்துக்கு அமராவதி வந்தார். படியில் தண்ணீர் நின்றது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"உங்களை எங்கெல்லாம் தேடறது சார்! அந்த நாகர்கோவில் அம்மா மட்டும் இல்லைன்னா கண்டுபிடிச்சிருக்கவே முடியாது." அறிக்கையைக் காட்டினார். ஓரமெல்லாம் பேருந்துச் சீட்டுகள். "சாத்தியம்னு போட்டிருக்காங்க. இடம் குறிச்சிருக்காங்க, மண் பரிசோதனை பண்ணியிருக்காங்க. கடைசிப் பக்கத்துல, 'அரசு உரிய நேரத்தில் முடிவெடுக்கும்'னு ஒரு வரி. அவ்வளவுதான். ஐப்பசி வர்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு."

"அப்பா எப்படி இருக்கார்?"

"சபையைக்கூட மறந்துட்டார் சார்."

அவருக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இது இப்போது என் பிரிவு இல்லை என்று சொல்லலாம். உண்மை. தீர்மானங்கள் பிரிவு இரண்டாம் மாடியில் என்று சொல்லலாம். அதுவும் உண்மை. அவர் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாலம் கட்ட வேண்டும் என்று மறுபடியும் தீர்மானம் கொடுத்தால், அதே பொருள், ஓராண்டுத் தடை என்று கோகுலநாதன் தள்ளிவிடுவார். ஆனால் அவை முன் வைத்த அறிக்கையை அவை விவாதிக்க வேண்டும் என்று கேட்பது வேறு பொருள். அதற்குத் தடை இல்லை. அதற்கும் ஒரு திருத்தம் வரும். என்ன திருத்தம் வரும் என்று இப்போதே என்னால் எழுதிக் காட்ட முடியும், நடை என்னுடையதுதானே. அது வருவதற்கு முன்பே அதற்கான திருத்தத்தை இவர் கையில் வைத்திருக்க வேண்டும்.

எதிர் நாற்காலியில் அச்சுத்தாள்கள் குவிந்திருந்தன. எடுத்துத் தரையில் வைத்தேன். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தேன்.

"உட்காருங்கம்மா," என்றேன். "நீங்க கேட்காத கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்."